ஸ்காட்லாந்தின் காலநிலைக் கணக்கு

பட்டம் பெறும் இளைஞர்களே,

உங்களில் சிலர் நாளை காலநிலைச் சட்டங்களை வரையப்போகிறீர்கள். சிலர் அவை பலித்தனவா என்று கணக்குப் பார்க்கப்போகிறீர்கள். இரண்டும் எவ்வளவு கடினம் என்பதற்கு ஸ்காட்லாந்தே சாட்சி.

1990-இன் அளவிலிருந்து பசுமைக்குடில் வாயு உமிழ்வை 2020-க்குள் 42 விழுக்காடு குறைப்பது என்று 2009-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒருமனதாகச் சட்டம் இயற்றியது. ஆண்டுக்கு ஓர் இலக்கு. தவறினால், காரணத்தையும் ஈடுகட்டும் வழியையும் அரசு அவையில் வைத்தாக வேண்டும். சட்டத்தின் உயிர் இந்த விதியில்தான் இருந்தது.

2019-இல் வேகம் கூடியது. 2030-க்கு 70 விழுக்காடு என்று பிரிட்டனின் காலநிலை மாற்றக் குழு ஆலோசனை சொன்னது. ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதை 75 ஆக்கினார்கள். எப்படி எட்டுவது என்ற திட்டம் மட்டும் அந்த வேகத்தில் வளரவில்லை.

மின்சாரத்தில் வெற்றி உண்மையானது. லாங்கனெட் அனல்மின் நிலையம் 2016-இல் மூடப்பட்டதோடு ஸ்காட்லாந்தில் நிலக்கரி மின்சாரமே நின்றது, காற்றாலைகள் பெருகின. மொத்த உமிழ்வும் 1990-இல் இருந்ததில் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. ஆனால் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு பாய்லரும், சாலையில் ஓடும் காரும், பண்ணை மாடுகளும் அவ்வளவு எளிதில் மாறவில்லை. மின்நிலையத்தை ஓர் உத்தரவில் மூடிவிடலாம். லட்சக்கணக்கான வீடுகளின் பாய்லரை மாற்றும் செலவை யார் ஏற்பது?

12 ஆண்டுகளில் 8 முறை இலக்கு தவறியது, 2030 இலக்கை இனி எட்ட முடியாது என்று 2024 மார்ச்சில் அதே குழு அறிவித்தது. ஏப்ரலில் அரசு அந்த இலக்கைக் கைவிட்டது. பசுமைக் கட்சியுடன் இருந்த ஆட்சி உடன்பாடு சில நாட்களில் முறிந்தது. முதலமைச்சர் ஹம்சா யூசுப் பதவி விலகுவதாக அறிவித்தார்.

சட்டம் தோற்றது என்று இதை வைத்து முடிவு கட்டுவது அவசரம். ஆண்டு இலக்கும் சுயேச்சையான குழுவின் அறிக்கையும் இல்லாதிருந்தால், இத்தனை ஆண்டுச் சறுக்கல் மக்கள் கண்ணில் பட்டே இருக்காது.

கவலைக்குரியது பிறகு நடந்த திருத்தம். 2024 நவம்பரில் ஆண்டு இலக்குகள் போய், ஐந்தாண்டுகளுக்குச் சேர்த்து ஒரே உமிழ்வு வரம்பு வைக்கும் கார்பன் வரவுசெலவு வந்தது. ஒரே ஒரு கடுங்குளிர் ஆண்டு கணக்கைக் குலைத்துவிடும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் முதல் கணக்கு 2026 முதல் 2030 வரை. உமிழ்வு விவரம் வெளியாக ஏறத்தாழ இரண்டாண்டு ஆவதால், முழு விடை 2032 வாக்கில்தான் தெரியும். திருத்தத்துக்கு வாக்களித்தவர்களின் தொகுதிகளில் அதற்குள் இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்து முடிந்திருக்கும்.