ஆடியில் விதைத்தவர்



ஆடி பிறந்துவிட்டால் நம் நாட்டில் திருமணப் பேச்சு அடங்கிவிடுகிறது. நாதசுரக் கலைஞருக்கு அழைப்பு இல்லை. சமையற்காரரின் அண்டாக்கள் கவிழ்த்து வைக்கப்படுகின்றன. திருமணங்களையே பெரிதும் நம்பி வாழும் சிறிய புகைப்பட நிலையத்தாரும் இந்த வரிசையில் நிற்பவரே. ஆடி மட்டுமன்று, புரட்டாசியிலும் மார்கழியிலும் அவருடைய வருவாய் சுருங்கிவிடும். ஆனால் கடை வாடகை சுருங்குவதில்லை. உதவியாளின் சம்பளமும் சுருங்குவதில்லை. ஒன்பது மாத வருவாயைக் கொண்டு பன்னிரண்டு மாதம் வாழ வேண்டும். வேலையில்லாத அந்த மூன்று மாதங்களில் அவர் என்ன செய்யலாம்? இதைப்பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். மாணவர்களாகிய எங்களுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். விடுமுறை என்பது உங்களுக்கும் உண்டு அல்லவா?

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது உழவர் மொழி. ஒரே ஆடி மாதம். புகைப்படக்காரருக்கு அது ஓய்ந்த காலம், உழவருக்கோ விதைக்கும் காலம். புகைப்படக்காரரும் அம்மாதத்தில் விதைக்கலாம் என்பதை எனக்குக் கற்பித்தவர் என் பழைய மாணவர் ஒருவர். அம்பத்தூரில் சிறியதொரு நிலையம் நடத்துகிறார். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்த 1960-களில் அவர் தந்தையார் தொடங்கியது அது. வெளியூர்களிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள் ஊருக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொள்ள அங்கே வரிசையில் நிற்பார்களாம்.

2015-ஆம் ஆண்டு ஆடியில் ஒரு நாள் பிற்பகல் அந்த வழியே சென்றேன். மாணவர் உறங்கிக்கொண்டிருப்பார் என்று எண்ணி உள்ளே நுழைந்தேன். தரை முழுவதும் தகரப் பெட்டிகள். அவரும் உதவியாளும் பழைய நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக எடுத்து, மென்தூரிகையால் தூசு தட்டி, புதிய காகித உறையில் இட்டு, எண்ணும் ஆண்டும் எழுதிக்கொண்டிருந்தனர்.

"என்ன தம்பி, கடையைக் காலி செய்கிறாயா?" என்றேன்.

"இல்லை ஐயா. தை மாதத்தில் எனக்குச் சாப்பிடவும் நேரம் இராது. இதற்கெல்லாம் ஆடிதான் வரவேண்டும். அப்பா எடுத்த படங்களில் ஆடிக்குச் சில ஆண்டுகள் என்று ஒழுங்கு செய்து வருகிறேன். இந்த ஆடியில் 1970 முதல் 1976 வரை" என்றார்.

பிறகு தம்முடைய ஆடி மாதத் திட்டத்தை விளக்கினார். முதல் வேலை, கருவிகளைப் பேணுதல். நம் கடலோர நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. ஈரம் தங்கினால் லென்சின் மேல் பூஞ்சை படர்ந்து கண்ணாடியையே அரித்துவிடும். ஆதலின் பயன்படாத கருவிகளை இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் மணிகளோடு வைக்கிறார். நீல நிற மணிகள் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச வெளிர்சிவப்பாக மாறும். சூடுபடுத்தி ஈரத்தைப் போக்கினால் மீண்டும் நீலமாகும். டிஜிட்டல் படங்களுக்கு மூன்று படிகள்: இரண்டு நிலையத்தில் வெவ்வேறு வட்டுகளில், ஒன்று வேறோர் இடத்திலுள்ள தம் வீட்டில்.

இரண்டாவது வேலை, கற்றல். உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பிலிமை நம்பி அவர் தந்தையார் தொழில் செய்தார். அந்த ஆலை இன்று இயங்கவில்லை. இருட்டறைக்கும் வேலை இல்லை. மாற்றம் வரும் என்பதை உணர்ந்து, இரண்டு ஆடி மாதங்களைச் செலவிட்டுக் கணிப்பொறியில் படங்களைத் திருத்தக் கற்றார் மகன். அடுத்தோர் ஆடியில், பளபளக்கும் உலோகத்தைப் படம் எடுக்கப் பழகினார். உலோகம் கண்ணாடியைப் போன்றது. விளக்கை நேரே காட்டினால் வெள்ளைத் திட்டு ஒன்றே தெரியும். இடையே மெல்லிய வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டால் ஒளி பரந்து விழும். பொருளின் வடிவம் தெளியும். வீட்டு எவர்சில்வர் டம்ளரை வைத்து நூறு முறை பழகினாராம். இப்போது தொழிற்பேட்டைப் பட்டறைகளின் பல்சக்கரங்களையும் திருகாணிகளையும் விலைப்பட்டியலுக்காகப் படம் எடுக்கிறார். பல்சக்கரத்துக்கு ஆடியும் இல்லை, மார்கழியும் இல்லை!

இவற்றைக் கேட்டு மகிழ்ந்தேன். சில நாளில் மறந்தும் போனேன். டிசம்பர் வந்தது. 2015 டிசம்பர் முதல் நாளின் பெருமழையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டிலும் வெள்ளம் புகுந்தது. கட்டிலின் கீழிருந்த பெட்டியில் என் தாயாரின் படம் இருந்தது. 1975-இல் நான் பள்ளியிறுதித் தேர்வில் தேறிய மகிழ்ச்சியில், என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அவர் எடுத்துக்கொண்ட படம். அதற்கு முன்னும் பின்னும் அவர் படக்கருவியின் முன் நின்றதில்லை.

நீர் வடிந்தபின் அப்படத்தைக் கடும் வெயிலில் உலர்த்தினேன். அது என் அறியாமை. நனைந்த படத்தின் மேற்பூச்சு பசைபோல் இளகியிருக்கும். தூய தண்ணீரில் மெல்ல அலசி, முகம் மேலாக வைத்து, நிழலில் உலரவிடுவதே முறை. நானோ வெயிலில் இட்டேன். சுருண்டு வெடித்துத் தாயாரின் முகம் பெயர்ந்து போயிற்று. அறுபதை நெருங்கிய நான் அன்று சிறுவனைப்போல் அழுதேன்.

பிறகு அந்தத் தகரப் பெட்டிகள் நினைவுக்கு வந்தன. அம்பத்தூருக்கு விரைந்தேன். அவர் கடையிலும் தண்ணீர் புகுந்திருந்தது. ஆனால் பெட்டிகள் ஆளுயரப் பரணில் இருந்தன. குறிப்பேட்டைப் புரட்டி, 1975-ஆம் ஆண்டுப் பெட்டியை இறக்கி, அரை மணி நேரத்தில் அந்த நெகட்டிவை விளக்கொளியில் உயர்த்திக் காட்டினார். கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் மாறியிருந்தபோதிலும், என் அன்னையை நான் கண்டுகொண்டேன். அந்த ஆடியில் அவர் உறங்கியிருந்தால் என் தாயின் முகம் எனக்கு இல்லை.

எல்லா நிலையங்களும் இவ்வாறு பேணவில்லை. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் உருவத்தைத் தாங்கி நிற்பவை நுண்ணிய வெள்ளித் துகள்கள். அந்த வெள்ளிக்காகவே பழைய நெகட்டிவ்களை எடைக்குப் போட்டவர் பலர். எத்தனை தாய்மாரின் முகங்கள் அவ்வாறு உருகிப்போயினவோ! எஞ்சியவற்றையேனும் காக்க வேண்டும் என்று, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு 2010-களில் தமிழ்நாட்டின் பழைய நிலையங்களைத் தேடிச் சென்று, அங்கிருந்த படங்களை டிஜிட்டல் முறையில் படியெடுத்தனர். அறிஞர்கள் பெருமுயற்சியோடு செய்த அந்தப் பணியைத்தான், எளிய கடைக்காரர் ஒருவர் தம் ஓய்ந்த மாதத்தில் ஓசையின்றிச் செய்துகொண்டிருந்தார்.

மாணவச் செல்வங்களே, உங்கள் கோடை விடுமுறையும் ஓர் ஆடி மாதமே. ஓய்வு கொள்ளுங்கள், விளையாடுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அதில் ஒரு பகுதியையேனும் விதைப்புக்கு ஒதுக்குங்கள். கிழிந்த புத்தகத்தைத் தையுங்கள். அரைகுறையாய் விளங்கிய கணக்கை மீண்டும் போட்டுப் பாருங்கள். பாட்டியிடம் கேட்டு, வீட்டிலுள்ள பழைய படங்களின் பின்புறத்தில் இன்னார் என்று பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள். அந்த உழைப்பு யாருக்கு, எந்த மழைக்குப் பின் பயன்படும் என்பது இன்று உங்களுக்குத் தெரியாது. என் மாணவருக்கும் அன்று தெரியாது.