பூச்சியின் உயிரணுவில் மனிதக் கல்லீரல் நொதி



ஒவ்வாமைக்கு ஒரு மாத்திரை, பூஞ்சைத் தொற்றுக்கு ஒரு மாத்திரை. தனித்தனியே உட்கொண்டால் இரண்டும் நல்ல மருந்துகள்தாம். ஆனால், அப்படிப்பட்ட இரண்டு மருந்துகள் ஒன்றுசேர்ந்து மனித இதயத்தையே தடுமாற வைத்த வரலாறு ஒன்று உண்டு.

டெர்ஃபெனடின் என்பது தூக்கம் வரவழைக்காத ஒவ்வாமை மருந்து என்று பெயர் பெற்றிருந்தது. அமெரிக்காவில் 1985-ஆம் ஆண்டு அதற்கு அனுமதி கிடைத்தது. இம்மருந்துடன் கீட்டோகோனசோல் என்னும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தையும் உட்கொண்ட ஒரு பெண்ணின் இதயத் துடிப்பு ஆபத்தான முறையில் தாறுமாறானது. 1990-இல் அச்செய்தி மருத்துவ இதழில் வெளிவந்தது.

காரணம் எங்கே இருந்தது? கல்லீரலிலும் குடல் சுவரிலும்! அங்குள்ள சி.ஒய்.பி. 3ஏ4 என்னும் நொதி, டெர்ஃபெனடின் இரத்த ஓட்டத்தில் கலக்கும் முன்பே ஏறக்குறைய முழுவதையும் ஃபெக்ஸோஃபெனடின் என்ற பொருளாக மாற்றிவிடுகிறது. உண்மையில் ஒவ்வாமையைத் தணிப்பது இந்தப் பொருளே. கீட்டோகோனசோல் அந்த நொதியைச் செயல்படவிடாமல் தடுத்தது. அதனால் மாற்றம் அடையாத மருந்து இரத்தத்தில் சேர்ந்து, இதயத் தசையின் பொட்டாசியம் வழிகளை அடைத்தது. 1998-இல் டெர்ஃபெனடின் அமெரிக்கச் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. 1996-இல் அனுமதி பெற்ற ஃபெக்ஸோஃபெனடினோ இன்றும் விற்பனையில் உள்ளது.

இத்தகைய ஆபத்தை, மருந்து மனிதரிடம் வருவதற்கு முன்பே கண்டறிய வழி உண்டா? எலியின் கல்லீரலிலும் இக்குடும்ப நொதிகள் உண்டு. ஆனால் அவை மனித நொதிகளைப் போல அப்படியே நடந்துகொள்வதில்லை. மனிதக் கல்லீரலோ எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், அதில் பல நொதிகள் கலந்திருப்பதால் எந்த நொதி எந்த மருந்தைச் சிதைத்தது என்று பிரித்தறிவது கடினம். மனிதனிடம் இக்குடும்பத்திற்கென 57 மரபணுக்கள் உள்ளன.

இங்குதான் மரபணு மறுசேர்க்கைத் தொழில்நுட்பம் கைகொடுக்கிறது. ஒரே ஒரு நொதிக்கான மனித மரபணுவை எடுத்து, பூச்சிகளைத் தாக்கும் ஒரு வைரசில் சேர்க்கிறார்கள். அந்த வைரஸ், படைப்புழு இனத்திலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட உயிரணுக்களுக்குள் நுழைகிறது. அந்த உயிரணுக்கள் மனித நொதியை உருவாக்குகின்றன! நொதிக்கு எலெக்ட்ரான் வழங்கும் துணை நொதியும் உடன் சேர்க்கப்படுகிறது. பின்னர் நொதி பதிந்த சவ்வுகளைப் பிரித்தெடுத்து, மைனஸ் 80 பாகை செல்சியசில் உறைய வைக்கிறார்கள்.

சோதனை எளிமையானது. உடல் வெப்பமான 37 பாகையில் நொதியுடன் புதிய மருந்தைச் சேர்த்து, நேரம் ஆக ஆக எவ்வளவு மருந்து எஞ்சியுள்ளது என்று அளக்கிறார்கள். அடுத்து, இரண்டாவது மருந்தையும் சேர்க்கிறார்கள். முதல் மருந்தின் சிதைவு மந்தமானால், அது ஓர் எச்சரிக்கை மணி!

எனினும், சோதனைக் குழாய் கல்லீரல் ஆகிவிடாது. இரத்த ஓட்டமும் மற்ற நொதிகளும் அங்கு இல்லை. எனவே அது முதல் வாசல் மட்டுமே. முழுமையான கல்லீரல் உயிரணுக்களிலும், பின்னர் மனிதத் தன்னார்வலரிடமும் சோதித்த பிறகே முடிவு எட்டப்படுகிறது.

ஆய்வுக்கூடம் கண்டறிந்த எச்சரிக்கை மருந்துப் பெட்டியிலுள்ள தாளில் அச்சாகிறது. ஆனால் ஒருவர் வேறு என்னென்ன மருந்துகள் சாப்பிடுகிறார் என்பதை அந்தத் தாள் அறியாது. அதை மருத்துவரிடமும் மருந்தாளரிடமும் சொல்ல வேண்டியவர் நோயாளிதான். மூலிகை மருந்தையும் மறைக்கக்கூடாது. கிரேப்ஃப்ரூட் பழச்சாறுகூடக் குடலில் உள்ள இதே நொதியைத் தடுக்கிறது. அதன் உறவான பம்பளிமாஸிலும் அத்தகைய பொருள்கள் உண்டு. அதற்காகப் பயந்து மருந்தைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. கேட்டுத் தெளிவதே பாதுகாப்பு.