நடக்கிறோம், சரி, எவ்வளவு வேகமாக?

(குடும்ப நலக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





நம் தெருக்களில் இப்போது நடைப்பயிற்சி செய்பவர்கள் அதிகம். ஃபஜ்ருக்குப் பிறகு வெளியே வந்தால் சுகருக்காக நடப்பவர்கள், பிரஷருக்காக நடப்பவர்கள், டாக்டர் கண்டித்ததால் நடப்பவர்கள் என்று பலரைப் பார்க்கிறோம். பெண்களில் பலர் மொட்டைமாடியிலேயே சுற்றி வருகிறார்கள். மகிழ்ச்சியான மாற்றம்தான். ஆனால் அவர்களில் பலருக்கு ஒரே மனக்குறை: "தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். ஆனாலும் இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நடந்து என்ன பயன்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

நம் உடல் எந்த வேலையைச் செய்யவும் ஆக்சிஜன் தேவை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்குச் சுமார் 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜனை உடல் எடுத்துக்கொள்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது நிமிடத்துக்கு 210 மில்லிலிட்டர். எழுந்து நடந்தால் இந்த அளவு கூடும். ஓடினால் இன்னும் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு முயன்றாலும் கூடாது. அந்த உச்ச அளவைத்தான் விஞ்ஞானிகள் அதிகபட்ச ஆக்சிஜன் ஏற்பு என்கிறார்கள். இங்கிலாந்தின் ஏ.வி. ஹில் என்ற அறிஞர் 1920களில் ஓடுபவர்களின் மூச்சுக்காற்றைப் பையில் பிடித்து அளந்து, இப்படி ஓர் எல்லை இருப்பதை எடுத்துச் சொன்னார்.

இந்த உச்ச அளவு விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். நம் வீட்டு உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் அது எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். மெதுவாக மாடிப்படி ஏற, சும்மா இருப்பதைப்போல் சுமார் நான்கு மடங்கு ஆக்சிஜன் வேண்டும். ஒருவருடைய உச்ச அளவு பத்து மடங்கு என்றால், படியேறுவது அவருடைய சக்தியில் நாற்பது சதவீதம்தான், பேசிக்கொண்டே ஏறிவிடுவார். இன்னொருவருடைய உச்ச அளவு ஐந்து மடங்குதான் என்றால், அதே படி அவருடைய சக்தியில் எண்பது சதவீதத்தைக் கேட்கிறது. பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். படி ஒன்றுதான், ஏறுபவரின் கொள்ளளவுதான் வேறு.

வயது கூடக்கூட இந்தக் கொள்ளளவு பத்தாண்டுக்குச் சுமார் பத்து சதவீதம் குறைகிறது. அது குறைந்துகொண்டே போனால் ஒரு நாள் குளிக்கவும் கடைக்குப் போகவும்கூடப் பிறர் துணை தேவைப்படும். 2002இல் அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் அதிகமான ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. உடற்பயிற்சித் திறன் ஒரு மடங்கு கூடினால், உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு 12 சதவீதம் மேம்படுவதாக அது கண்டது. ஆகவே நாம் பேசுவது பதக்கத்தைப் பற்றியல்ல. முதுமையில் யாரையும் எதிர்பார்க்காமல் நடமாடுவதைப் பற்றி.

இந்தச் சக்தி எவ்வளவு விரைவில் போகும், எவ்வளவு தூரம் திரும்பி வரும்? 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். அவர்களுடைய ஆக்சிஜன் ஏற்பு கால்பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதில் அதே ஐவரையும் மறுபடி அளந்தார்கள். முப்பது வருட முதுமை செய்த சேதம், அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதத்தைவிடக் குறைவாக இருந்தது! பிறகு ஆறு மாதம் நடை, மெதுவோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகக் கூட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். இருபது வயதில் முதன்முதலாக அளந்த அளவுக்கே அவர்கள் திரும்பி வந்தார்கள். இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. காய்ச்சலோ ஆபரேஷனோ முடிந்த பிறகு, டாக்டர் அனுமதித்த பின்னும் பெரியவர்களைப் பாசத்தால் கட்டிலிலேயே வைத்திருப்பது அவர்களுக்குக் கெடுதல். ஐம்பது வயதைத் தாண்டிவிட்டோம் என்று மனம் தளரவும் தேவையில்லை.

இனி நம் கேள்விக்கு வருவோம். எந்த வேகத்தில் பயிற்சி செய்தால் இந்தச் சக்தி கூடும்?

1957இல் பின்லாந்தின் கார்வோனன் என்ற அறிஞர், இளைஞர்கள் சிலரை ஓடவைத்து அவர்களுடைய நாடித்துடிப்பைக் கவனித்தார். ஓய்வுத் துடிப்புக்கும் உச்சத் துடிப்புக்கும் நடுவே சுமார் அறுபது சதவீதத்தைத் தாண்டியவர்களுக்குப் பயிற்சி பலன் கொடுத்தது. அதற்குக் கீழேயே இருந்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. உடலை அதன் பழக்கத்துக்கு மேல் கொஞ்சம் கேட்டால்தான் அது தன்னை மாற்றிக்கொள்ளும் என்பது அன்றே தெரிந்தது.

2007இல் நார்வேயில் இன்னும் தெளிவான சோதனை ஒன்று நடந்தது. ஓரளவு பயிற்சி உள்ள ஆரோக்கியமான ஆண்கள் 40 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். வாரம் மூன்று நாள், எட்டு வாரம். மொத்த உழைப்பு எல்லோருக்கும் சமம்; வேகம் மட்டும் வேறு. முதல் குழு 45 நிமிடம் நிதானமாக ஓடியது. இரண்டாவது குழு அதைவிட வேகமாக, குறைந்த நேரம் ஓடியது. மூன்றாவது குழு 15 விநாடி கடுமை, 15 விநாடி இளைப்பாறல் என்று மாறி மாறி ஓடியது. நான்காவது குழு நான்கு நிமிடம் கடுமையாக, பிறகு மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி நான்கு முறை. முதல் இரண்டு குழுக்களின் ஆக்சிஜன் ஏற்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மூன்றாவது குழுவுக்கு 5.5 சதவீதமும் நான்காவது குழுவுக்கு 7.2 சதவீதமும் கூடியது.

இதன் காரணம் இதயத்தில் இருக்கிறது. உடல் எடுக்கும் ஆக்சிஜன், இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் அனுப்புகிறது, அந்த ரத்தத்திலிருந்து தசைகள் எவ்வளவு ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கின்றன என்ற இரண்டையும் பொறுத்தது. கடுமையான வேகத்தில் சில நிமிடங்கள் நீடிக்கும்போது இதயம் நன்றாக நிரம்பி, நன்றாக இறைக்கப் பழகுகிறது. நார்வே ஆய்வில் வேகமாக ஓடிய அந்த இரு குழுக்களிலும், ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம் சுமார் பத்து சதவீதம் கூடியிருந்தது. தசைகளிலோ நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. ஆக்சிஜனை எரித்துச் சக்தியாக்கும் நுண்ணுறுப்புகளும் பெருகுகின்றன. டல்லாஸ் ஐவருக்கு ஐம்பது வயதில் கிடைத்த முன்னேற்றம் இந்தத் தசை வழியில்தான் வந்தது.

இதைக் கேட்டுவிட்டு இளைஞர்கள் நேராகச் செல்போனில் வரும் 'டபாட்டா' வீடியோக்களுக்குப் போய்விடக் கூடாது. ஜப்பானின் டபாட்டா 1996இல் வெளியிட்ட ஆய்வில் 20 விநாடி உச்ச வேகம், 10 விநாடி ஓய்வு என்று ஏழெட்டு முறை சைக்கிள் மிதித்தவர்கள் நல்ல பலன் பெற்றது உண்மை. ஆனால் அவர்கள் ஏற்கெனவே நல்ல உடல் தகுதி உள்ள இளைஞர்கள். உட்கார்ந்தே வேலை பார்த்த நாற்பத்தைந்து வயதுக்காரர் முதல் நாளே அதில் இறங்குவது ஆபத்து. அதே ஆய்வில் தினம் ஒரு மணி நேரம், வாரம் ஐந்து நாள் மிதமாக மிதித்தவர்களுக்கும் ஆக்சிஜன் ஏற்பு கூடியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் குடும்பங்களுக்குப் பொருத்தமானது ஜப்பானின் மட்சுமோட்டோ நகரிலிருந்து வந்த முறை. அங்கே சராசரி வயது அறுபதைத் தாண்டியவர்களை மூன்று நிமிடம் விரைவாக, மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி ஐந்து முறைக்குக் குறையாமல் நடக்கச் சொன்னார்கள். வாரம் நான்கு நாள், ஐந்து மாதம். ஓடவே இல்லை. அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் ஏற்பு ஏறக்குறைய பத்து சதவீதம் கூடியது. தொடைத் தசை வலுவானது. ரத்த அழுத்தம் இறங்கியது. ஒரே நிதானத்தில் தினமும் எட்டாயிரம் அடி நடந்தவர்களுக்கு அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. கிடைத்த வித்தியாசம் வேகத்தால் வந்தது.

அப்படியானால் மெதுநடை வீணா? இல்லவே இல்லை. சாப்பிட்ட பின் மெதுவாக நடந்தாலும் சுகர் ஏறுவது குறைகிறது. மேலும் கடுமை என்பது ஆளுக்கு ஆள் மாறும். நெடுநாள் படுத்திருந்து எழுந்தவருக்கு வாசல்வரை நடப்பதே கடும் பயிற்சி. அவருக்கு அதுவே பலன் தரும். பழகிய பிறகும் அதே வேகத்தில் நின்றுவிட்டால்தான் முன்னேற்றம் நின்றுபோகிறது. முக்கால் மணி நேரம் நடந்தும் மூச்சு வாங்குவது குறையாததற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். நடந்துகொண்டே தாராளமாகப் பேச முடிந்தால் அது மெதுநடை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம். இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் கடும் வேகம். 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணக்கிடும் முறையும் உண்டு. அது ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின்னாக இருக்கும். பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் சில மாத்திரைகள் துடிப்பையே குறைத்துவிடும். அவற்றைச் சாப்பிடுபவர்கள் துடிப்புக் கணக்கை நம்பாமல் பேச்சுச் சோதனையையே நம்பலாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நான்கு வாரம் சாதாரணமாக நடந்து, அரைமணி நேரம் வரை கொண்டுவாருங்கள். பிறகு ஒரு நிமிடம் விரைவு, இரண்டு நிமிடம் மெது. அது எளிதான பின் மூன்றுக்கு மூன்று. வாரம் நான்கு நாள் போதும். இதய நோய் உள்ளவர்கள், கட்டுக்கு வராத பிரஷர் உள்ளவர்கள், இன்சுலின் போடுபவர்கள் வேகத்தைக் கூட்டுமுன் டாக்டரைக் கேளுங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடை வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்துங்கள்; தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆக்சிஜனைச் சுமப்பது ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அது 15 கிராம் இருந்தால் ஒரு லிட்டர் ரத்தம் சுமார் 200 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும்; 9 கிராம்தான் இருந்தால் 120தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. படியேறினால் மூச்சு வாங்கும் நம் பெண்ணை "சோம்பேறி" என்று சொல்வதற்கு முன், ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். குறை இருந்தால் முதலில் அதற்கு மருத்துவம் பாருங்கள். அதன் பிறகுதான் நடையின் வேகம்.

"வீட்டு வேலையே போதுமே" என்பார்கள். அது நாள் முழுக்க இழுக்கும் வேலை. களைப்பு வரும், ஆனால் மூச்சு வேகமெடுக்கும் சில நிமிடங்கள் அதில் அரிது. ஆகவே ஆண்களிடம் ஒன்று கேட்கிறோம். வாரத்தில் நான்கு நாள், அரைமணி நேரம், பிள்ளைகளையும் அடுப்பையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். உம்மாவும் மனைவியும் மகளும் சேர்ந்து நடக்கட்டும். இடம் இல்லையென்றால் மொட்டைமாடியே போதும்.

பலன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்காது. அமெரிக்காவிலும் கனடாவிலும் குடும்பம் குடும்பமாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றில், ஒரே பயிற்சியில் சிலருக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வரை கூடியது. சிலருக்கு ஒன்றுமே கூடவில்லை. பரம்பரைக்கும் அதில் பங்கு உண்டு. எனவே பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட்டு மனம் சோர வேண்டாம். இன்று எத்தனை படியில் மூச்சு வாங்குகிறது என்று குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே படியில் ஏறிப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், உங்கள் கணக்கை உங்கள் மூச்சே சொல்லும்.

வஸ்ஸலாம்.