பழைய வண்டியும் புதிய எண்ணெயும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் நாட்டுப் பழமொழி. அதற்கு மறுபாதி ஒன்று உண்டு. விலை கொடுத்து வாங்கிய மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் தொழுவத்தில் கட்டலாகாது என்பதே அது. சந்தைக்குப் போகும் உழவர் இதனை யாரும் சொல்லாமலே அறிவார். பழைய மோட்டார் வண்டி வாங்கச் செல்லும் நாமோ மேற்பூச்சைப் பார்க்கிறோம். இருக்கையைத் தட்டிப் பார்க்கிறோம். ஒலிப்பானை அழுத்தி மகிழ்கிறோம். பல்லைப் பார்ப்பதில்லை. வண்டிக்கும் பற்கள் உண்டு, நேயர்களே! அவை இரும்புப் பெட்டிகளுக்குள், எண்ணெயில் மூழ்கிக் கிடக்கின்றன. அந்தப் பற்களையும் அந்த எண்ணெயையும் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

நான் கோத்தகிரிக்கு அருகே வசிக்கும் ஓய்வு பெற்ற பௌதிக ஆசிரியன். மலைப்பாதைக்கும் மழைக்காலச் சேற்றுக்கும் ஏற்றது என்று கருதி, பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய மாருதி ஜிப்ஸி வண்டி ஒன்றை வாங்கினேன். இவ்வகை வண்டி 1985-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் ஓடியது. வேண்டும்போது நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லும்படி அமைந்தது. விற்றவர் இனிமையாகப் பேசினார். “எண்ணெய் எல்லாம் மாற்றியாயிற்று, ஆற்றில் இறங்காத வண்டி” என்றார். எஞ்சின் எண்ணெயின் அளவுக்கோலை உருவிப் பார்த்தேன். தேன் நிறத்தில் புத்தெண்ணெய் பளபளத்தது. அவர் சொல்லை நம்பிவிட்டேன்.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் எண்ணெயைப் பார்ப்பது எளிது. ஆகவே அதை எல்லோரும் மாற்றுகிறார்கள். என் வண்டியிலோ அதைத் தவிர எண்ணெய் நிரம்பிய பெட்டிகள் இன்னும் நான்கு இருக்கின்றன. ஒன்று கியர் பெட்டி. இரண்டாவது, முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் பெட்டி. மூன்றாவதும் நான்காவதும், முன் இருசின் நடுவிலும் பின் இருசின் நடுவிலும் குடம்போல் புடைத்து நிற்பவை. இவற்றைப் பட்டறைக்காரர்கள் ‘கிரவுன்’ என்று சொல்வார்கள். இந்த நான்கிற்கும் அளவுக்கோல் கிடையாது. வண்டியின் அடியில் படுத்து, திருகைக் கழற்றி, விரலை விட்டுத்தான் பார்க்க வேண்டும். படுப்பவர் யார்?

கிரவுன் செய்யும் வேலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். எவ்வளவு அதிகம்? கொண்டை ஊசி வளைவை அரை வட்டம் என்று கொள்வோம். இரு சக்கரங்களுக்கும் இடைவெளி ஏறத்தாழ 1.3 மீட்டர். அதனைப் ‘பை’ எனும் எண்ணால் பெருக்கினால் 4 மீட்டருக்குச் சற்று மேல் வரும். வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் விடை இதுவே என்பது கணக்கின் அழகு. உதகையிலிருந்து மசினகுடி செல்லும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வலப்புறம் திரும்புகையில் இடச்சக்கரமும், இடப்புறம் திரும்புகையில் வலச்சக்கரமும் அந்த 4 மீட்டரை ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஓடியாக வேண்டும். இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுகப் பூட்டினால் ஒன்று தரையில் உரசியே தீரும். இந்தச் சிக்கலைத் தீர்க்கும் பற்சக்கரக் கோவையை 1820-களின் இறுதியிலேயே பிரான்சு நாட்டின் பெக்கேர் என்பவர் நீராவி வண்டிக்காக வகுத்துவிட்டார். இன்றும் நம் அடியில் சுழல்வது அதன் வழித்தோன்றலே.

இனி எண்ணெய்க்கு வருவோம். கிரவுனில் உள்ள பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நிற்பதில்லை. அழுத்தத்துடன் வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் பிதுங்கி விலகிவிடும். அதனால் கந்தகமும் பாஸ்வரமும் கொண்ட சேர்மப் பொருள்களை கியர் எண்ணெயில் கலக்கிறார்கள். உராய்வின் சூட்டில் அவை உலோகத்தோடு சேர்ந்து, மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்குகின்றன. கியர் எண்ணெயை மோந்து பார்த்தவர்கள் அந்தக் கந்தக நெடியை மறக்கமாட்டார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல இப்பொருள்கள் செலவழிந்துபோகின்றன. இரும்புத் துகளும் ஈரமும் சேர்கின்றன. எண்ணெய் குறையாமல் இருக்கலாம். ஆனால் அதன் காக்கும் குணம் குறைந்துவிடும். சில புது வண்டிகளின் கையேடுகளில் இந்த எண்ணெய் வண்டியின் ஆயுள் முழுவதற்கும் போதும் என்று எழுதியிருப்பார்கள். அந்த ஆயுள் எத்தனை ஆண்டு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எண்ணெய் டப்பாவின்மேல் ‘75 டபிள்யூ 90’ என்பது போன்ற குறி இருக்கும். முதல் எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு தாராளமாக ஓடும் என்பதையும், இரண்டாவது எண் சூட்டில் அதன் கெட்டித்தன்மையையும் குறிக்கும். கியர் எண்ணெயின் 90 என்பது எஞ்சின் எண்ணெயின் 40-ஐவிட இரு மடங்குக்கு மேல் கெட்டியானது என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டிற்கும் அளவு முறையே வேறு; கொதிநீரின் சூட்டில் இரண்டும் ஏறத்தாழ ஒரே கெட்டித்தன்மை உடையவை. இவற்றோடு ‘ஜி.எல். 4’, ‘ஜி.எல். 5’ என்ற தரக்குறிகளும் உண்டு. பின்னதில் நான் சொன்ன கந்தகச் சேர்மங்கள் அதிகம். கிரவுனுக்கு அது நன்மை. ஆனால் பல கியர் பெட்டிகளில் பித்தளை வளையங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு அது ஒவ்வாமல் போகலாம். ஆகவே எந்தப் பெட்டிக்கு எது என்பதைக் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கடைக்காரர் “எல்லாம் ஒன்றுதான்” என்பார், எல்லாம் ஒன்றல்ல.

இவ்வளவும் படித்து அறிந்த நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், கேளுங்கள். வண்டி வந்த இரண்டாம் வாரம், ஒரு மாலைப்பொழுதில், எண்ணெயும் ஸ்பானரும் வடிதட்டும் வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினேன். சற்று ஓட்டி எண்ணெயைச் சூடாக்கினேன்; சூடான எண்ணெய் எளிதில் வடியும், அழுக்கையும் சேர்த்துக் கொண்டுவரும். சமதரையில் நிறுத்தினேன், சாய்வான இடத்தில் நின்றால் மட்டம் பொய் சொல்லும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை இருத்தினேன். மாணவர்களே, ஜாக்கி தூக்குவதற்கே அன்றி, தாங்குவதற்கு அன்று. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள்.

எல்லாம் சரி. பின்புறக் கிரவுனின் கீழ்த்திருகைக் கழற்றினேன். கரிய எண்ணெய் வடிந்து தீர்ந்தது. திருகைத் துடைத்து, புது வாஷர் இட்டு மூடினேன். பிறகு புது எண்ணெயை ஊற்றுவதற்கு மேல்திருகில் ஸ்பானரை வைத்தேன். அது அசையவில்லை! பல ஆண்டுகளாக யாரும் தொடாததால் துருவேறி உறைந்து போயிருந்தது. பலம் கொண்டமட்டும் முறுக்கினேன். திருகு அசையாமல் அதன் முனைகள் மழுங்கத் தொடங்கின. இருட்டிவிட்டது. வடித்ததைத் திரும்ப ஊற்றவும் வழியில்லை. எண்ணெய் இல்லாத கிரவுனோடு மலைப்பாதையில் ஓடினால் பற்கள் வெந்து இறுகி, பின்சக்கரங்கள் வளைவின் நடுவிலேயே பூட்டிக்கொள்ளலாம். வண்டி முற்றத்திலேயே நின்றது.

மறுநாள் காலையில் என் தாயாரைக் கண் மருத்துவத்திற்காகக் கோயம்புத்தூர் அழைத்துச் செல்ல வேண்டும். அறுவை முடிந்த கண்ணைப் பரிசோதிக்கக் குறித்த நாள் அது. எண்பது வயதைக் கடந்தவரை, கண்ணில் பச்சைக் கண்ணாடியோடு, விடியற்காலைப் பேருந்தில் ஏற்றினேன். கூட்டம் மிகுதி. மேட்டுப்பாளையம் வரை அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பேருந்திலிருந்து இறங்கிய பிறகு மட்டும் கேட்டார்: “ஏனப்பா, குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமலா உலைப்பானையைக் கவிழ்த்தாய்?”

நாற்பது ஆண்டு பௌதிகம் கற்பித்தவனுக்கு அன்று பாடம் கிடைத்தது. ஊற்றும் வாயைத் திறந்து பார்த்த பின்னரே வடிக்கும் வாயைத் திறக்க வேண்டும். மேல்திருகு முதலில், கீழ்த்திருகு பின்னர். மேல்திருகு திறக்கவில்லையாயின், பழைய எண்ணெயாவது உள்ளே இருக்கும். வண்டி பட்டறை வரை போகும். கைதேர்ந்த தொழிலாளர் எவரும் இம்முறையை மாற்றிச் செய்யமாட்டார்.

அவ்வாறு கைதேர்ந்த ஒருவர் எங்கள் அண்டை வீட்டிலேயே இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துருவை இளக்கும் எண்ணெயைத் திருகின்மேல் விட்டு ஓர் இரவு ஊறவைத்தார். காலையில் சுத்தியலால் திருகின் தலையில் நாலு தட்டுத் தட்டினார். பிறகு முனைகளை முழுவதும் கவ்விப் பிடிக்கும் குழல் ஸ்பானரை வைத்து, “வாத்தியாரையா, கழற்றும் முன் கொஞ்சம் இறுக்க வேண்டும், அப்போதுதான் துருவின் பிடி விடும்” என்றார். இறுக்கினார், ‘கிரீச்’ என்றது, தளர்த்தினார், வந்துவிட்டது. பலத்தை நம்பிய நான் அதுவரை நேர்மாறாகவே முயன்றுகொண்டிருந்தேன்.

இருவருமாக மற்ற மூன்று பெட்டிகளையும் முறைப்படி திறந்தோம். இப்போது வண்டியின் வரலாறு ஒவ்வொரு திருகாக வெளிவரலாயிற்று. வடிதிருகின் நுனியில் சிறு காந்தம் இருக்கும்; அதில் சாம்பல்நிறக் களிம்பு ஒட்டியிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. பற்கள் இயல்பாகத் தேய்ந்த மாவு அது. கைக்குத் தட்டுப்படும் சில்லுகள் இருந்தால் ஏதோ உடைந்திருக்கிறது என்று பொருள். கியர் பெட்டி எண்ணெயில் பொன்னிறப் பொடி மின்னினால் பித்தளை வளையம் தேய்கிறது என்று பொருள். என் வண்டியில் பின் கிரவுனிலும், கியர் பெட்டியிலும், டிரான்ஸ்ஃபர் பெட்டியிலும் களிம்பு மட்டுமே இருந்தது. முன் கிரவுனைத் திறந்தபோது வந்தது எண்ணெயா, பால் விட்ட காப்பியா என்று ஐயுறும்படி இருந்தது. நீர் கலந்த எண்ணெய்! ‘ஆற்றில் இறங்காத வண்டி’ ஆற்றில் இறங்கியிருந்தது.

நீர் எப்படிப் புகுந்தது? ஓடிச் சூடேறிய இருசின் உள்ளே காற்று விரிந்திருக்கும். அது குளிர்ந்த ஓடையில் இறங்கியவுடன் உட்காற்று சுருங்கும். வெளியிலிருந்து காற்றை இழுக்கும். இதற்கென்று மூச்சுக்குழல் ஒன்றை மேலே வைத்திருக்கிறார்கள். என் வண்டியில் அது சேற்றால் அடைபட்டிருந்தது. ஆகவே இருசு ரப்பர் அடைப்புகளின் வழியே நீரை உறிஞ்சிவிட்டது. பத்தாம் வகுப்பில் நான் ஆண்டுதோறும் நடத்திய வாயு விதி, என் வண்டிக்கு அடியிலேயே வேலை செய்திருந்தது. மூச்சுக்குழலைத் துப்புரவு செய்தோம். ரப்பர் அடைப்புகளை மாற்றினோம். புது எண்ணெயை ஊற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் அதையும் வடித்து, மீண்டும் புது எண்ணெய் இட்டோம். ஊற்றும் வாயின் விளிம்பு வரை நிரம்பி மெல்ல வழிவதே சரியான மட்டம். இவ்வாறு நான்கு பெட்டிகளும் ஒரு முறை நிறைவதற்கு ஆறு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே தேவைப்பட்டது. அந்தச் சிறு செலவைத்தான் முன்பு வைத்திருந்தவர் மிச்சப்படுத்தியிருந்தார்.

எப்போதும் நான்கு சக்கரங்களாலும் ஓடும் புதுவகைக் கார்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் நடுவே தகடுகளால் ஆன இணைப்பு இருக்கும்; அதற்கென்று தனி எண்ணெய் உண்டு. தானியங்கி கியர் பெட்டிக்கும் எண்ணெய் வேறு. சிலவற்றில் குறிப்பிட்ட சூட்டில்தான் மட்டம் பார்க்க வேண்டும். நான் சொன்ன முறையை அவற்றுக்கு அப்படியே பொருத்திவிட வேண்டாம். கையேட்டைப் படித்துத் துணிவு வந்தால் செய்யுங்கள். வராவிடில் தேர்ந்தவரிடம் கொடுத்து அருகில் நின்று பாருங்கள்.

மற்றொன்று. வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ வேலியோரத்திலோ ஊற்றுவது பெரும்பிழை. எங்கள் மலையின் ஓடைகள் பல மோயாற்றிலும் பவானியிலும் சென்று சேர்கின்றன. கீழே உள்ளவர்கள் குடிப்பது அந்நீரையே. சட்டமும் பழைய எண்ணெயைத் தீங்கு தரும் கழிவாகவே கருதுகிறது. நான் அதை மூடியுள்ள கேனில் சேர்த்து, உரிமம் பெற்று மறுசுத்தம் செய்வோருக்குச் சேர்ப்பிக்கும் இடத்தில் ஒப்படைக்கிறேன்.

மாணவ நேயர்களே! உங்களில் பலர் நாளைக்கு வண்டி வாங்குவீர்கள். வேறு சிலர் பொறியும் ஆலையும் நடத்துவீர்கள். கண்ணில் படுவது புதிதாக இருந்தால், கண்ணில் படாததும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். விற்பவர் சொல்லைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு திருகைக் கழற்றிப் பாருங்கள். கழற்றும்போது மேல்திருகை முதலில் கழற்றுங்கள். என் தாயார் இப்போதெல்லாம் வண்டியில் ஏறுமுன் சிரித்துக்கொண்டே கேட்கிறார்: “குடத்தில் தண்ணீர் இருக்கிறதா?” இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்ல என்னால் முடிகிறது. என் கையாலேயே ஊற்றியதல்லவா!