இசைத்தட்டும் இசையின்பமும்



சென்ற கோடை விடுமுறையில், பதினோராம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டிற்கு வந்திருந்தாள். பரணைத் துடைப்பதற்காக இறக்கி வைத்திருந்த சாமான்களுக்கு நடுவே, என் தந்தையாரின் கிராமபோன் பெட்டியும் பழந்துணியில் சுற்றிய சில இசைத்தட்டுகளும் கிடந்தன. அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "தாத்தா, சென்னையில் என் தோழியின் அண்ணன் இரண்டாயிரம், மூவாயிரம் என்று கொடுத்துப் புதிய இசைத்தட்டுகள் வாங்குகிறார். அதே பாட்டுகள் எல்லாம் கைப்பேசியிலேயே இருக்கின்றன. தட்டைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொண்டால் பாட்டு அதிகமாக இனிக்குமா?"

கேள்வி கேட்கும் பிள்ளைக்கு உடனே விடை சொல்லிவிடும் பழக்கம் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு உண்டு. அது அவ்வளவு நல்ல பழக்கமன்று. இந்தக் கேள்விக்கு நான் உடனே விடை சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. அன்று தொட்டு எண்ணிப் பார்த்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

என் தந்தையார் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்தவர். வீட்டின் முன்கட்டு முழுவதும் குழித்தறியே அடைத்துக்கொண்டிருக்கும். கரை வேறு நிறம், உடல் வேறு நிறமாக நெய்யும் கோர்வைச் சேலைக்கு, மறுபக்கத்து நாடாவைத் தள்ள ஓர் ஆள் வேண்டும். விடுமுறை நாள்களில் அந்த ஆள் நான்தான். தறி ஓடும்போது பாட்டுக் கேட்க முடியாது. எங்கள் வீட்டில் அமாவாசையன்று தறி நிற்கும். அன்று மாலைதான் கிராமபோன் பெட்டி வெளியே வரும். எவரோ விற்றதைத் தந்தையார் பழைய விலைக்கு வாங்கியது அது. அத்துடன் வந்த தட்டுகள் ஆறு. ஏழாவது தட்டு எங்கள் வீட்டிற்கு வரவே இல்லை.

அதை ஒலிக்கச் செய்வது ஒரு சடங்கு போலிருக்கும். முதலில் கைப்பிடியைச் சுற்றி வில்லை முறுக்க வேண்டும். அளவுக்கு மேல் முறுக்கினால் வில் அறுந்துவிடும். குறைந்தால் பாடுகிறவர் நடுவிலேயே களைத்துப்போய்க் குரல் தாழ்ந்து இழுப்பார். பிறகு எஃகு ஊசியை மாற்ற வேண்டும். தட்டை மெல்லிய துணியால் துடைத்து, விளிம்பில் மட்டும் விரல் படப் பிடித்து வைக்க வேண்டும். இவ்வளவும் செய்த பின்னர் நமக்குக் கிடைப்பது மூன்று நிமிடப் பாட்டு. மிஞ்சினால் மூன்றரை நிமிடம். ஆதலால் அந்த மூன்று நிமிடமும் வீட்டில் ஒருவரும் பேசமாட்டார்கள். அடுப்பங்கரையில் இருந்த என் அன்னையாரும் நிலைப்படியில் வந்து நின்றுவிடுவார்.

இந்தத் தட்டின் வரலாற்றைச் சிறிது சொல்லுதல் வேண்டும். 1877ஆம் ஆண்டில் எடிசன் ஒலியைப் பதிந்து மீண்டும் கேட்கும் பொறியை அமைத்தார். அவர் பதிந்தது உருளையில். பத்தாண்டு கழித்து, 1887இல், எமில் பெர்லினர் தட்டையான தகட்டில் பதியும் முறையைக் கண்டார். உருளையைப் போலன்றித் தட்டை அச்சுக் குத்துவது போல ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். 1902ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியார் பாடிய பாட்டுகள் தட்டுகளில் பதிவாயின. அவர் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். தற்பெருமை என்று எண்ண வேண்டா. பதிவைக் கொண்டு தட்டு அடிக்கும் வேலை அக்காலத்தில் ஜெர்மனி நாட்டில் நடந்தது. பாடியவர் யார் என்று அங்குள்ள தொழிலாளருக்குத் தெரிய வேண்டுமல்லவா? இன்னுமொரு செய்தி உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். உலகெங்கும் சுழன்ற அந்தப் பழைய தட்டுகள் அரக்கினால் ஆனவை. அந்த அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டுக் காடுகளில், மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரந்தது. ஆகவே சீமைத் தட்டு என்று நாம் சொன்னதிலும் நம் நாட்டு மண் கலந்திருந்தது.

தட்டில் உள்ள நுண்ணிய பள்ளத்தில் ஊசி ஓடும்போது அதன் அதிர்வே ஓசையாகிறது. என் தந்தையாருக்கு இது வியப்பாகவே தோன்றவில்லை. தறியின் மேலே ஜக்கார்டுப் பெட்டியில் தொங்கும் துளையிட்ட அட்டைகளைக் காட்டி, "மயிலும் அன்னமும் இந்த ஓட்டைகளில்தானே இருக்கின்றன? அதைப் போல்தான் அதுவும்" என்பார். பள்ளியிறுதி வரை படியாத அவர் சொன்ன இந்த ஒப்புமையைப் பின்னாளில் அறிவியல் வகுப்பில் நான் பலமுறை எடுத்தாண்டிருக்கிறேன், அவர் பெயரைச் சொல்லாமலே.

எங்களிடம் இருந்த ஆறு தட்டுகளில் ஒன்று திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையவர்களின் தோடி. இருபக்கமும் தோடிதான். எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது, தந்தையார் வெளியே போயிருந்த ஒரு பகலில், யாருக்கும் தெரியாமல் அதை எடுத்தேன். அரக்குத் தட்டு கண்ணாடி போன்றது. கை நழுவித் தரையில் விழுந்து மூன்று துண்டாயிற்று. அவர் திரும்பி வந்ததும் துண்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. குழியில் இறங்கித் தறியில் அமர்ந்துகொண்டார். அடி வாங்கியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

ஓரிரு மாதம் சென்றிருக்கும். கோர்வைக்கு அருகில் அமர்ந்திருந்தபோது, தந்தையார் வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுப்பதைக் கவனித்தேன். அது அந்தத் தோடி! நாகசுரம் எவ்விடத்தில் மேலேறுமோ அவ்விடத்தில் அவரும் ஏறினார்; குழைய வேண்டிய இடத்தில் குழைந்தார். ஏறக்குறைய நடுவில் வந்ததும் சட்டென்று நிறுத்திவிட்டார். இரண்டு மூன்று இழை நெய்யும் நேரம் பேசாமல் இருந்து, பின்பு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஏன் நிறுத்தினார் என்று எனக்கு அன்று புரியவில்லை. தட்டைத் திருப்பிப் போடும் நேரம் அது! பக்கம் முடிவதும், ஊசியை எடுப்பதும், புரட்டி வைப்பதும் அவர் நெஞ்சில் தோடியின் பகுதியாகவே படிந்துவிட்டிருந்தன.

இனிப் பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். தந்தையாருக்கு அந்தத் தோடி அவ்வளவு இனித்ததற்குத் தட்டு அவருடையதாக இருந்ததுதான் காரணமா?

உடைமை மனத்தை மாற்றும் என்பது மெய்யே. 1990ஆம் ஆண்டில் கானெமன், நெட்ச், தேலர் என்னும் மூன்று அறிஞர்கள் மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலருக்கு ஒரு காப்பிக் கோப்பையை இனாமாகக் கொடுத்து, என்ன விலைக்கு விற்பாய் என்று கேட்டார்கள். கோப்பை இல்லாத சிலரை என்ன விலைக்கு வாங்குவாய் என்று கேட்டார்கள். கையில் கோப்பை உள்ளவர் சொன்ன விலை, இல்லாதவர் சொன்ன விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. தமக்கு உரியதாகிச் சில நிமிடமே ஆன கோப்பைக்கு இந்த மதிப்பு! ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். அங்கே ஏறியது கோப்பையின் விலை. அதில் ஊற்றிய காப்பியின் சுவை ஏறிற்று என்று அவர்கள் சொல்லவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்குதல் எளிது.

அப்படி மயங்கியவர் ஒருவரை நான் அறிவேன். பெயர் வேண்டா. அவரிடம் நூற்றுக்கணக்கான தட்டுகள் இருந்தன. கண்ணாடி அலமாரியில் எண்ணிட்டு அடுக்கிப் பூட்டி வைத்திருந்தார். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் உறைகளைக் காட்டுவார். கீறல் விழும் என்று தட்டை மட்டும் ஒலிக்க விடமாட்டார். இது நம் ஊருக்கே உரிய விந்தையும் அன்று. அமெரிக்க நாட்டில் 2022ஆம் ஆண்டில், 1987க்குப் பின்னர் முதன்முறையாக, பழைய வகை இசைத்தட்டுகள் குறுந்தட்டுகளைவிட அதிக எண்ணிக்கையில் விற்பனையாயின. ஆயினும் அங்கே தட்டு வாங்குவோருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடந்தான் அதை ஒலிக்கும் கருவி இருக்கிறது என்று 2023இல் ஒரு கணக்கெடுப்பு தெரிவித்தது. மற்றப் பாதிப்பேர் உறையைத்தான் பார்க்கிறார்கள் போலும்! நம் வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் பட்டுச் சேலைகளை எண்ணிக்கொண்டேன்.

மறுபக்கமும் உண்டு. காஞ்சிபுரம் என்றதும் இசையறிந்தோர் நினைவுக்கு வரும் பெயர் நாயனாப் பிள்ளை. 1889 முதல் 1934 வரை வாழ்ந்தவர். லயத்தில் அவரை வெல்ல ஆள் இல்லை என்பார்கள். கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியக்காரர் பெருங்கூட்டமாகச் சூழ நடுவில் அமர்ந்து பாடுவாராம். அவருடைய தாயின் உடன்பிறந்தவரான தனகோடி அம்மாள், கிராமபோன் வந்த தொடக்க ஆண்டுகளிலேயே அதில் பாடியவர். நாயனாப் பிள்ளையோ தட்டில் பாடவே இல்லை. அவர் குரல் இன்று உலகில் எந்த அலமாரியிலும் இல்லை. வாங்க நினைத்தாலும் வாங்க முடியாது.

அப்படியானால் அந்த இசை அழிந்துவிட்டதா? சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவரிடம் கற்றார். வீணை தனம்மாளின் பேத்தியர் பிருந்தாவும் முக்தாவும் அவரிடம் பாடம் கேட்டனர். அவர்கள் வாய்வழி வந்த கீர்த்தனைகளை இன்றும் மேடையில் கேட்கிறோம். 1919இல் காஞ்சிபுரத்தில் பிறந்த டி. கே. பட்டம்மாளின் இளமையைப் பாருங்கள். கச்சேரி கேட்டு வீடு திரும்பியதும், கேட்ட கீர்த்தனைகளையும் இராகத்தின் முக்கியப் பிடிகளையும் அவர் எழுதி வைத்துக்கொள்வாராம்; உடன்பிறந்த சகோதரர்கள் துணை செய்வார்களாம். வீட்டிற்குள் நுழையும்வரை அந்தப் பிள்ளைகள் பாட்டை நழுவவிடாமல் எப்படிச் சுமந்து வந்திருப்பார்கள்! அவர்கள் கையில் தட்டு இல்லை; இன்னொரு முறை கேட்கலாம் என்னும் உறுதியும் இல்லை. அந்த உறுதி இல்லாமையே செவியைக் கூர்மையாக்கியிருக்க வேண்டும்.

ஆசிரியப் பயிற்சியின்போது எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானியர் 1885இல் வெளியிட்ட மறதி ஆராய்ச்சியைப் படித்தோம். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துபோகும். திரும்பத் திரும்பக் கற்றால் மறதி தளரும் என்பது அதன் சாரம். தேர்வுக்காகப் படித்த அந்தப் பாடம் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. ஆறே தட்டுகள் உள்ள வீட்டில் வேறு வழியில்லாமல் அதே தோடியை நூறு முறை கேட்டோம். முப்பதாவது முறை கேட்டபோதுதான், இசைக்கு நடுவே பிள்ளையவர்கள் மூச்சு வாங்கும் ஓரிடம் என் காதில் விழுந்தது. கைப்பேசியில் முப்பதாவது முறை என்பதே வருவதில்லை. அதற்குள் வேறு பாட்டு வந்துவிடுகிறது. என்னையே சொல்லுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு என் மகன் வாங்கித் தந்த கைப்பேசியில், கேட்க ஏங்கிய வித்துவான்கள் எல்லாரும் இருக்கக் கண்டு மகிழ்ந்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், ஒரே ஓர் ஆலாபனையைக்கூட முடிவுவரை கேட்டிருக்கவில்லை. ஒன்றைக் கேட்கும்போதே, அடுத்ததில் என்ன இருக்குமோ என்று விரல் அரிக்கிறது.

எனினும் கைப்பேசியைப் பழித்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தெருவில் கிராமபோன் வாங்க வழியில்லாத தறிக்காரர் வீடுகள் எத்தனையோ இருந்தன. அவர்கள் சென்னை வானொலியின் கச்சேரிகளைப் பக்கத்து வீட்டுச் சுவரோரம் நின்று கேட்டார்கள். இன்று அவர்கள் பேரப்பிள்ளைகள் ஒரு காசும் கூடுதலாகச் செலவிடாமல் எவருடைய இசையையும் கேட்கலாம். அது சிறிய நன்மையன்று. தட்டுக் காலத்தைப் பொற்காலம் என்று பேசுகிறவர்கள், தட்டு எவர் வீட்டில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆகவே பேத்திக்கு நான் சொன்ன விடை இதுதான்: "உன் தோழியின் அண்ணன் அந்தத் தட்டை எத்தனை முறை கேட்டார் என்று முதலில் கேட்டு வா, அம்மா. விலையைப் பிறகு பேசலாம்." அவள் கேட்டு வந்தாள். ஒரு தட்டை மட்டும் அவர் இருபது தடவைக்குமேல் கேட்டிருக்கிறாராம். மற்றவற்றின் உறையைக்கூடப் பிரிக்கவில்லையாம். இரண்டு வகையும் ஒரே மனிதரிடம்!

விடுமுறை முடிந்து ஊருக்குப் புறப்படுவதற்கு முந்திய நாள் மாலை, அவள் தன் கைப்பேசியில் இராஜரத்தினம் பிள்ளையின் தோடியைத் தேடி எடுத்துப் போட்டாள். யாரோ ஓர் அன்பர் பழைய தட்டிலிருந்து பதிந்தது. கரகரவென்னும் ஓசையும் அப்படியே இருந்தது. முதற்பக்கம் முடிந்தது. அடுத்த பக்கம் இடைவெளியின்றித் தொடங்கிற்று. என் கை என்னையறியாமல் நீண்டுவிட்டது, தட்டைத் திருப்புவதற்கு. பேத்தி சிரித்தாள். பிறகு பாட்டை நிறுத்திச் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்போது போடட்டுமா, தாத்தா?" என்று கேட்டாள்.