சுவரும் கூடமும்



ஓவியத்திற்கு உரிய இடம் யாது? வீதிச் சுவரா, காவலர் நிற்கும் கலைக்கூடமா? நகரத்துச் சுவர்களில் இரவோடிரவாக வரையப்பட்ட படங்கள் இன்று பெயர்த்தெடுக்கப்பட்டுக் கூடங்களை அடைகின்றன. நியூயார்க் நகரச் சுவர்களில் எழுதிப் பழகிய பாஸ்கியா என்னும் ஓவியர் 1982-ஆம் ஆண்டில் தீட்டிய படமொன்று, 2017-இல் 11 கோடி டாலருக்கு மேல் விலைபோயிற்று. இதனை வளர்ச்சி என்பதா, இழப்பு என்பதா?

சுவரில் வரைதல் நமக்குப் புதிதன்று. எங்கள் ஓடைப்பட்டியில் பொங்கல் வந்தால் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்துக் காவிப் பட்டை தீட்டுவர். திராட்சைத் தோட்டத்து வேலைக்குச் செல்லுமுன் பெண்கள் வாசலில் கோலமிடுவர். மாலைக்குள் அது காலடி பட்டு அழியும். மறுநாள் வேறொன்று மலரும். அருகிலுள்ள போடிநாயக்கனூர் ஜமீன் அரண்மனைச் சுவர்களிலோ, இராமாயணக் காட்சிகள் நெடுங்காலம் நிலைக்கும் நோக்குடன் தீட்டப்பட்டன. அழிவதற்கென்றே பிறக்கும் கலையும் உண்டு. நிலைப்பதற்கென்று பிறக்கும் கலையும் உண்டு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சூழ்ந்த இருண்ட திருச்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். ஒரே சுவர், இரு காலத்து ஓவியங்கள். கீழுள்ளதைக் காண மேலுள்ளதை அழிப்பதா? தொல்லியல் துறையினர் மேற்பூச்சைச் சேதமின்றி உரித்தெடுத்துப் பலகைகளில் பதித்தனர். இரண்டும் பிழைத்தன. இங்கே சுவரை விட்டு நீங்கியதே ஓவியத்திற்கு வாழ்வளித்தது.

பீகாரில் மிதிலைப் பகுதிப் பெண்கள் திருமண அறையின் மண்சுவர்களில் வண்ணக் கோலங்கள் வரைவது வழக்கம். 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் வீடுகள் இடிந்தபோதுதான், ஆர்ச்சர் என்னும் ஆங்கில அதிகாரி அவற்றை வியந்து கண்டார். 1960-களின் பிற்பகுதியில் பஞ்சம் வந்தது. அகில இந்திய கைவினைப் பொருள் வாரியம் அப்பெண்களுக்குக் காகிதம் வழங்கி வரையச் செய்தது. சுவர்க்கலை காகிதத்தில் ஏறியது. அவர்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. அவர்களுள் ஒருவரான கங்காதேவி 1984-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் தில்லிக் கைவினை அருங்காட்சியகத்தில் ஓர் அறைச் சுவர் முழுதும் வரைந்தார். அவர் மறைந்த பின்னர், புதுப்பிக்கும் பணியின்போது அவ்வோவியம் அழிக்கப்பட்டது. கூடத்திற்குள் புகுந்துவிட்டால் மட்டும் கலைக்குச் சாவில்லை என்று கருதுதல் பிழையன்றோ?

இனி மற்றொரு நிகழ்ச்சி. இத்தாலியில் பொலோஞா நகரில் 2016-ஆம் ஆண்டு தெருவோவியக் கண்காட்சி ஒன்று ஏற்பாடாயிற்று. ஓவியரின் இசைவின்றிச் சுவர்களிலிருந்து பெயர்த்தவையும் அதில் இடம்பெற்றன. 'புளூ' என்னும் புனைபெயருடைய ஓவியர் என்ன செய்தார் தெரியுமா? அந்நகரில் தாம் பல ஆண்டுகளாக வரைந்தவற்றையெல்லாம், தோழர் துணையுடன், சாம்பல் நிறச் சாயம் பூசித் தாமே அழித்துவிட்டார். வீதியில் நடப்போருக்கென அளித்த பொருளைக் காசு கொடுத்து நுழைவோர்க்கு ஆக்குதல் முறையன்று என்பது அவர் கருத்து.

நம் சென்னையிலும், நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்கள் வாழும் கண்ணகி நகரில், 2020-இல் அடுக்குமாடிச் சுவர்களில் பேரோவியங்கள் எழுந்தன. அம்மக்களின் முகங்களைத் தாங்கிய சுவரைப் பெயர்த்து எங்கோ மாட்டினால், ஓவியம் இருக்கும். அதன் பொருள் இராது.

ஆகவே, மாணவ நண்பர்களே, கூடத்தை வெறுக்கவும் வேண்டா; அதுவே புகலிடம் என மயங்கவும் வேண்டா. ஒரு சுவரோவியம் இடம் பெயரும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். வரைந்தவர் இசைந்தாரா? அவருக்கு அதனால் வாழ்வு உண்டா? அச்சுவரின் எதிரே வாழ்ந்தோர் எதனை இழந்தனர்? இம்மூன்றிற்கும் நேர்மையான விடை கிடைக்குமாயின் கூடம் கலைக்கு இல்லமாகும். கிடைக்காவிடின் அது சிறையே.