கரிசல் நாட்டுப் பெருவழி



அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் வழியில், என் இளமைக் காலத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் நின்றது. இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்திய எளிய அமைப்பு அது. தலைச்சுமையோடு வருவோர் பிறர் உதவியின்றித் தாமே சுமையை இறக்கி வைக்கலாம். இளைப்பாறிய பின் தாமே ஏற்றிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் உயிர் நீத்த பெண்ணின் நினைவாக அத்தகைய கல்லை நாட்டுவது நம் நாட்டு வழக்கம். அந்தக் கல் என் பாட்டியின் தமக்கைக்காக நாட்டப்பெற்றது. தறியில் நெய்த சேலைகளைச் சுமந்து செல்லும்போதெல்லாம் என் தந்தையார் அங்கே சுமையை இறக்குவார். கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அமர்வார். சில ஆண்டுகளுக்கு முன் நான் அவ்வழியே சென்றேன். சாலை அகன்றிருந்தது, கல்லைக் காணவில்லை. எங்கே போயிற்றென்று கேட்டேன், சொல்வார் இல்லை.

ஒரு கல் போனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பழைய சாலைகளை ஆராய்வோர் எவற்றைத் தேடுகின்றனர் என்பதை அறிந்தால், அதற்கு விடை கிடைக்கும்.

பழஞ்சாலை என்றதும் உலகம் உரோமாபுரியை நினைக்கிறது. கி.மு. 312இல் ஆப்பியசு கிளாடியசு தொடங்கிய ஆப்பியன் சாலை, முதலில் காப்புவா வரையிலும், பின்னர்ப் பிரிண்டிசித் துறைமுகம் வரையிலும் நீண்டது. அதன் கல்தளத்தின் பகுதிகளை இன்றும் காணலாம். 2024இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆயினும் ஆய்வாளர்கள் கல்தளத்தோடு நின்றுவிடவில்லை. 1950களில் உரோமாபுரிக்கு வடக்கே புதிய முறையில் நிலத்தை ஆழ உழத் தொடங்கியபோது, பழைய பானை ஓடுகளும் செங்கற்களும் மேலே வந்தன. அவை அடியோடு அழியுமுன் பதிவு செய்யவேண்டும் என்று, அந்நகரில் இயங்கிய பிரிட்டிஷ் ஆய்வுக் கழகத்தின் தலைவர் வார்டு பெர்க்கின்சும் அவருடன் உழைத்தவர்களும் வயல் வயலாக நடந்தனர். ஓடு கிடந்த இடங்களை வரைபடத்தில் குறித்தனர். புள்ளிகள் பெருகப் பெருக, சாலைகளின் இருமருங்கும் வாழ்ந்த பண்ணைகளும் ஊர்களும் உருப்பெற்று எழுந்தன. சாலை ஒரு தனிக் கோடு அன்று. அதனால் வாழ்ந்த நிலமும், அதனை வாழ்வித்த நிலமும் சேர்ந்ததே சாலை என்பதை அவர்கள் நடந்தே கண்டார்கள்.

உரோமானியச் சாலைகளைக் காட்டும் பழம்படம் ஒன்றின் இடைக்காலப் படி வியன்னா நகரத்து நூலகத்தில் உள்ளது. நீண்ட சுருளாகிய அப்படத்தின் கிழக்குக் கோடியில் நம் முசிறியும் காணப்படுகிறது. யவனர் இங்கே சாலை அமைக்கவில்லை. கடல் வழியே வந்தார்கள். அவர்கள் கொணர்ந்த பொன் உள்நாடு சென்றதும், உள்நாட்டுப் பண்டங்கள் துறைமுகம் சேர்ந்ததும் நம்மவர் நடந்த வழிகளிலேதான். கொற்கையின் முத்துக்குளிப்பைக் கிரேக்க மாலுமி ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதி வைத்தார். அந்தக் கொற்கையிலிருந்து மதுரைக்குப் படத்தில் ஒரு நேர்கோடு இழுத்துப் பாருங்கள். அது அருப்புக்கோட்டையை ஒட்டியே செல்லும்.

ஆனால், கோடு சான்று ஆகாது. மனிதர் கோட்டின்மேல் நடப்பதில்லை; தண்ணீர் உள்ள இடம் பார்த்து நடக்கின்றனர். கரிசல் மண் மழையில் வீங்கும், வெயிலில் பிளக்கும். அதன்மேல் பாவிய கல் நெடுநாள் நிலைப்பதரிது. ஐப்பசி, கார்த்திகையில் வண்டிச் சக்கரம் சேற்றில் புதைந்துவிடும். ஆதலால் நம் வழிகள் செம்மண் மேட்டையும் சரளை நிலத்தையும் நாடி, ஊருணிக்கு ஊருணி வளைந்து சென்றிருக்கும். உரோமானியர் மண்ணைத் தம் சாலைக்கு இணங்கச் செய்தனர். நம்மவர் தம் வழியை மண்ணுக்கு இணங்கச் செய்தனர். எனவே இங்கே பழைய வழியைத் தேடுபவர், கல்தளத்தையன்று, கண்மாய்க் கரையையும், ஊருணியையும், ஊர்ப்பெயரையும், கோயிற் கல்வெட்டையும் படிக்கவேண்டும்.

அருப்புக்கோட்டை, கல்வெட்டில் செங்காட்டிருக்கை இடத்துவளி என்று வழங்கியது. அப்பெயரில் செங்காடு இருக்கிறது. திருச்சுழியல் பருத்திக்குடி நாட்டில் இருந்தது. அப்பெயரில் பருத்தி இருக்கிறது. குண்டாற்றங்கரையில் அதனை அடுத்துள்ள பள்ளிமடத்துக் கோயில், சுந்தரபாண்டியனின் பள்ளிப்படையாக எழுந்தது. மண்ணையும் விளைவையும் மன்னனையும் ஊர்ப்பெயர்கள் காத்து வைத்திருக்கின்றன.

வழியைக் குறித்த கற்களும் நமக்கு உண்டு. கோவையை அடுத்து, இராசகேசரிப் பெருவழி என்னும் பெயர் பாறையில் பொறிக்கப்பட்டுள்ளது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று, அதியமான் பெருவழியில் நாவற்றாவளம் 27 காதம் என்று தெரிவிக்கிறது. எழுத்தறியாதாரும் அறியும் பொருட்டு அதில் 2 பெரிய குழிகளும் 7 சிறிய குழிகளும் குடையப்பட்டுள்ளன. பெரியது பத்து, சிறியது ஒன்று. என்ன பரிவு பாருங்கள்! உரோமானியர் நட்ட மைல்கற்களில் பேரரசர்களின் பெயர்கள் பெரிதாக நின்றன. இந்தக் கல்லிலோ, படிக்கத் தெரியாத வழிப்போக்கனுக்கும் இடம் இருந்தது. நாம் இன்றும் தொலைவைச் சொல்லும்போது பத்துக் கல் என்றுதானே சொல்கிறோம்?

கரிசல் நாட்டில் அத்தகைய கல் இன்னும் எந்த முட்புதரில் சாய்ந்து கிடக்கிறதோ! சீமைக் கருவேலம் ஒருபுறம் மூடுகிறது. மண் அள்ளும் இயந்திரம் மறுபுறம் பெயர்க்கிறது. புதிய சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தலையில் சுமந்து தேய்ந்த தந்தையின் மகன் அவ்வாறு சொல்லமாட்டான். சாலை அகலுமுன் ஒருமுறை நடந்து பார்க்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பள்ளி ஆசிரியர் ஒருவரும் மாணவர் பத்துப் பேரும் போதும். கோடையில், உழுத புழுதியில் நடக்கட்டும். ஓடு கண்டால் இடத்தைக் குறிக்கட்டும், தோண்டவேண்டாம். எழுத்துள்ள கல் கண்டால் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கட்டும். சுமைதாங்கி கண்டால், அது யாருக்காக நின்றது என்று ஊர்ப் பெரியவரைக் கேட்கட்டும். அவர் இருக்கும்போதே கேட்கட்டும்.

என் பாட்டியின் தமக்கையார் பெயர் எங்கள் வீட்டில் எவருக்கும் நினைவில்லை. கல் நின்றவரை அது குறையாகத் தோன்றவில்லை. இன்று கல்லும் இல்லை, பெயரும் இல்லை. உங்கள் ஊர் வழியில் இன்னும் ஒரு கல் நிற்குமாயின், நாளைக் காலை சென்று அதைப் பார்த்து வாருங்கள்.